சில்லுக்கடியில் நான்கு தேசிக்காய்கள்

கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் எனக்குப் புதுமையாகப் பட்டது பனி அல்ல, கோப்பிக் கடை வாசலில் ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும் கார்கள். சாவி காருக்குள் இருக்கும், சொந்தக்காரர் கடைக்குள் வரிசையில் நிற்பார், பெற்றோல் தன்பாட்டில் எரிந்துகொண்டிருக்கும். சில வருடங்கள் கழித்து என்னிடமும் அண்ணாவிடமும் வந்துசேர்ந்த அம்மா, மல்வேர்னில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்படியொரு காரைக் கண்டார். "பாவம், மறந்துபோய் விட்டிட்டுப் போட்டினம். நிப்பாட்டி விடுவம்" என்று அதை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அம்மா விட்டுவந்த போர்க்கால யாழ்ப்பாணத்தில் பெற்றோல் துளிக்கணக்கில்தான் கிடைத்தது. அப்பாவின் பழைய வாடகைக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடவேண்டும். அந்தக் காரை உயிரோடு வைத்திருந்துதான் குகன் அண்ணா மெக்கானிக் ஆனார். அப்பா காலமான பிறகு, நாங்கள் புறப்படும்வரை, ஊரின் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனதும் அவர்தான். மேலே ஹெலி சுற்றும் நாட்களிலும் போவார். அம்மா படலையடியில் நிற்பார். திரும்பி வரும் காரின் கரும்புகையைக் கண்ட பிறகுதான் அடுப்பில் உலை வைப்பார்.

அதே அண்ணாதான் ரொறொன்ரோவுக்கு வெளியே ஒரு சின்னப் பந்தயத் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார். ஸ்டொக் கார் என்பார்கள். தெருவில் ஓடிய சாதாரணக் காரின் கண்ணாடிகளையும் சீற்றுகளையும் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய்களால் கூடு கட்டி, ஓட்டுநரை அதற்குள் வாரால் இறுக்கிக் கட்டி விடுவார்கள். இடிபடுவதும் ஆட்டத்தில் சேர்த்தி. கார் அண்ணாவுடையது அல்ல. வோபர்னில் அவர் வேலை செய்த கராஜின் முதலாளி ஜெரியுடையது. ஜெரிக்கு முழங்கால் விட்டுப்போனதும் ஸ்டியரிங்கை அண்ணாவிடம் கொடுத்துவிட்டார். நான் மார்க்கம் நகரில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்த்துத் தரம் சோதிப்பவள். வார நாட்களில் அந்த வேலை. ஞாயிறுகளில் மரப் படிக்கட்டில் இருந்து தொண்டை கட்டும்வரை கத்துவது. எந்த வளைவில் எவர் முந்துவார், எவர் பிரேக்கைப் பிந்திப் பிடிப்பார், எவரோடு கவனமாக இருக்கவேண்டும் என்று எனக்குள் ஒரு வரிசை இருந்தது.

அந்தக் கோடை முழுவதும் சேர்ந்த புள்ளிகளின்படி, கடைசி ஓட்டத்தில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வந்தால் சாம்பியன் கிண்ணம் அண்ணாவுக்கு. அதுவரை அம்மாவுக்கு, ஜெரிக்கு உதவப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். கடைசி ஞாயிறு அண்ணாவே அம்மாவை அழைத்தார். ஒருதரம் அம்மா பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா பையைக் கட்டினார்: இடியப்பம், சம்பல், பிளாஸ்க்கில் தேத்தண்ணி, காகிதச் சரையில் திருநீறு, நான்கு தேசிக்காய்.

திடலுக்குப் பின்னால் காரை இழுவை வண்டியிலிருந்து இறக்கியதும், அம்மா குனிந்து நான்கு சில்லுகளுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காயை வைத்தார். அண்ணா ஏறி இருந்து மெதுவாக உருட்டினார். நான்கும் நசிந்தன. புதுச் சைக்கிளுக்குக்கூட எங்கள் வீட்டில் அதைச் செய்யாமல் விட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் பரிசோதகர் வந்தார். ரயர்களில் இரசாயனம் பூசி ரப்பரை இளக்கினால் அவை தரையை நன்றாகப் பற்றும். அது கள்ள வேலை. ஆகவே அவர் ஒவ்வொரு ரயரையும் குனிந்து மணந்து பார்ப்பார். எங்கள் காரடியில் குனிந்தவர் சட்டென்று நிமிரவில்லை. என்ன பூசினீர்கள் என்று கேட்டார். லெமன் பழம் என்றேன். எவ்வளவு நேரம் ஊறவிட்டீர்கள் என்றார். ஊறவிடவில்லை, இது ஆசீர்வாதம் என்றேன். ஆசீர்வாதத்தை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அவர் கேட்டபோது, அதை ஒரு சாமானின் பெயராக அவர் எடுத்துக்கொண்டது விளங்கியது. வேலையில் அறிக்கை எழுதுவதுபோல் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று விளக்கினேன். நசிந்த தோலை எடுத்துக் காட்டினேன். ஜெரி முதலில் சிரித்தார், பிறகு முகம் சிவக்கச் சண்டை பிடித்தார்.

பரிசோதகர் கெட்டவர் அல்ல. என்னை நம்புவதாகவே சொன்னார். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று, மணத்தோடு வந்த கார் கடைசி இடத்திலிருந்துதான் புறப்படவேண்டும் என்றார். தேசித்தோலின் எண்ணெய் ரப்பரை இளக்கும் என்பது நானும் படித்ததுதான். அவரிடத்தில் நான் நின்றிருந்தாலும் அதையே செய்திருப்பேன். அதுதான் எனக்குக் கூடுதலாக நொந்தது.

தலைக்கவசத்துக்குள் இருந்து அண்ணா, "என்னவாம்?" என்றார். சொன்னேன். சற்றுத் தள்ளி மடிப்புக் கதிரையில் பிளாஸ்க்கை மடியில் வைத்தபடி இருந்த அம்மாவைப் பார்த்தார்.

"அம்மாவுக்குச் சொல்லாதை. கேட்டா, கடைசியிலை நிண்டாத்தான் எல்லாரையும் வடிவாப் பாக்கலாம் எண்டு சொல்லு."

அம்மா எழுந்து வந்து ஜன்னல் வலையை விலக்கித் தலைக்கவசத்தின் மேல் திருநீறு பூசினார். "தம்பி, மெல்லமா ஓடு. அவசரப்படுற ஆக்களை விலத்தி விடு."

"ஓமம்மா."

ஓட்டம் தொடங்கியது. வட்டத்தில் கடைசிக் கார் முதல் காருக்கு முன்னால் ஓடுவதுபோலத் தெரியும். "தம்பிதான் முன்னுக்கு, உவன் துரத்திறான்" என்று அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் திருத்தவில்லை. அண்ணா ஒவ்வொருவராக முந்தினார். யாரையும் இடிக்கவில்லை. உள்வளைவில் இடம் கிடைக்கும்வரை காத்திருந்து நுழைந்தார். கடைசிச் சுற்றில் மூன்றாவதாக வந்துவிட்டார். முன்னால் போன நீலக் கார் வளைவில் சற்று அகன்றது. பின்புறத்தில் ஒரு சின்ன இடி போதும், வழி திறக்கும். அந்தத் திடலில் எல்லோரும் செய்வதுதான். நான் எழுந்து நின்று கத்தினேன். அண்ணா இடிக்கவில்லை. மூன்றாவதாகவே கோட்டைக் கடந்தார். ஏன் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

புள்ளிக் கணக்கில் கிண்ணம் நீலக் காருக்குப் போனது. அண்ணா வார்களைக் கழற்றி இறங்கியபோது முகத்தில் வியர்வையும் புழுதியும். "மூண்டாவது, அம்மா" என்றார். அம்மா காரைச் சுற்றி வந்து கதவையும் மட்காட்டையும் தடவிப் பார்த்தார்.

"காரும் வந்திருக்கு, ஆளும் வந்திருக்கு. பிறகென்ன?"

பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். அவ்வழியால் வந்த பரிசோதகருக்கும் ஒரு கப் நீட்டினார். அவர் பழக்க தோஷத்தில் அதை மணந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். ஜெரி வெடித்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்த மனிதரின் மூக்கையும், பிறகு ரயர்களையும், பிறகு அண்ணாவையும் பார்த்தார்.

அந்தப் பனிக்காலம் நான் என் முதல் காரை வாங்கினேன். பழைய கார்தான். தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்த் தரிப்பிடத்தில் அண்ணா தேசிக்காய்களோடு குனிந்தபோது அம்மா தடுத்தார். "வேண்டாம், தம்பி. நசிக்காதை. இஞ்சை மணந்து பாக்கிற ஆக்கள்." அண்ணா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அம்மா ஒரு தேசிக்காயை எடுத்து முன்கண்ணாடியின் கீழே வைத்தார், முழுதாக.

முதல் ஓட்டம் கோப்பிக் கடை வரை. ஓட்டிவந்த அண்ணா என்ஜினை நிறுத்தாமலே இறங்கி உள்ளே போய் வரிசையில் நின்றார். வெளியே பனி தூவியது. முன்சீற்றில் இருந்த அம்மாவின் கை சாவியை நோக்கிப் போனது. பின்சீற்றில் இருந்த எனக்கு நிறுத்தட்டும் என்றும் இருந்தது, குளிரவும் செய்தது. கை பாதி வழியில் நின்று, ஹீட்டரின் சூட்டுக்கு முன்னால் விரிந்தது. என்ஜினின் அதிர்வில் தேசிக்காய் கண்ணாடியோரமாக அங்குமிங்கும் உருண்டுகொண்டிருந்தது.