எஷ் கின்

லக்சம்பேர்க்கில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, வினைச்சொல் என்றால் என்னவென்று அங்கேதான் பிடிபட்டது. அந்த ஊர் மொழியில் ‘எஷ் கின்’ என்றால் நான் போகிறேன். நான் கொடுக்கிறேன் என்பதும் அதேதான். நான் ஆகிறேன் என்பதும் அதேதான். போவது இங்கிலீஷ் ‘கோ’வுக்குச் சொந்தம், கொடுப்பது ‘கிவ்’வுக்கு, வேர் வேறு, தேய்ந்து ஒன்றாகிவிட்டன என்றார் சமையற்காரர். வேலை முடிந்து நான் ‘எஷ் கின்’ என்றால், “என்ன தரப்போகிறாய்?” என்று கையை நீட்டுவார்.

அந்த நாட்டில் இருக்க அரசாங்கம் விடவில்லை. பிறகு வேறு நாடுகள், வேறு குசினிகள். இப்போது ரொறன்ரோவில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை.

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கிழவரை அஜக்சில் இருக்கும் மகன் வீட்டுக்கு மாற்றப் போனோம். கிழவர் பழைய சாய்கதிரையை விட்டு எழும்பவில்லை. கதிரையில் ‘குப்பை’ என்று மகன் மஞ்சள் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தான்.

“கின் எஷ் நெட்,” என்றார் கிழவர். லக்சம்பேர்க் மொழி. என் காது நிமிர்ந்தது.

மகனுக்கு அந்த மொழி அரைகுறை. “போகமாட்டாராம்,” என்று படியில் குந்திவிட்டான். “வீட்டை விற்றாயிற்று. இனி எங்கே இருப்பார்?”

போகமாட்டாரா, கொடுக்கமாட்டாரா? மரியாதையாக ‘நீங்கள்’ போட்டு ‘டீர் கிட்’ என்று கேட்டால் இரண்டும் ஒன்றுதான். ‘நீ’ போட்டால்தான் பிரியும்: போகிறாய் ‘கேஸ்’, கொடுக்கிறாய் ‘கெஸ்’. என் தகப்பனுக்கும் மூத்த மனிதர். வாய் கூசியது.

“என்ன அண்ணை யோசினை? லொறிக்குப் பார்க்கிங் ரிக்கற் எழுதப்போறாங்கள்,” என்றான் எங்கள் டிரைவர்.

“அந்தாளை நீ எண்டு கேக்கவேணும்.”

“கேளுங்கோவன். என்னை நெடுக அப்பிடித்தானே கேக்கிறியள்.”

குனிந்து கேட்டேன்: “கேஸ் டு நெட்? ஓடர் கெஸ் டு நெட்?” போகமாட்டாயா, இல்லை கொடுக்கமாட்டாயா?

கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எஷ் கின்,” என்று வாசலைக் காட்டினார். பிறகு கதிரையின் கைப்பிடியில் தட்டினார். “டே கின் எஷ் நெட்.” இதைக் கொடுக்கமாட்டேன்.

இதை நான் சொன்னதும் மகன் எழும்பி வந்து மஞ்சள் துண்டை உரித்தான். கிழவரும் எழும்பினார்.

அஜக்சில் முதலில் கதிரையைத்தான் இறக்கினோம். என் முதுகு பிடித்துக்கொண்டது. “எஷ் கின் ஆல்,” என்று முனகினேன். எனக்கு வயது போகிறது.

“டு கெஸ் ஆல்,” என்று தலையாட்டியபடி கிழவர் அதில் சாய்ந்தார்.

“என்னவாம்?” என்றான் டிரைவர்.

“நான் கிழவனாகிறனாம்.”

“ஓம், உது எனக்கும் தெரியும்.”