ஓடைக்கரையில் எட்டு முளைகள்

அம்மாக்கண்ணு யாரையும் லேசில் நம்ப மாட்டாள். கடையில் தராசைத் தட்டிப் பார்ப்பாள். சொந்த மகள் போனில் “சாப்பிட்டேன்” என்று சொன்னால்கூட என்ன கறி என்று கேட்பாள். வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றவள். அத்தனை வருடத்தில் அவளிடம் சிரித்துப் பேசி வந்தவர்கள் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். பிறகு அவளை என்ன குறை சொல்வது?

இப்போது அவளிடம் இருப்பது ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலம். தேயிலை பட்டுப்போய்க் காடு மண்டிக் கிடந்த சரிவை அவளும் புருஷன் அழகுமுத்துவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டித் துப்புரவாக்கி லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போட்டார்கள். மூலையில் ஒரு தகரக் குடில். அழகுமுத்து போய்ச் சேர்ந்த பிறகு அந்த மண்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அவள் பெயரில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம்.

நிலத்தில் முளை அடித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நாலு முளை அடித்தார்கள். “சும்மா அளந்து பாக்குறோம்” என்றார்கள். மறுமாதமே அவளுடைய பூசணிக்கொடிகளுக்கு மேல் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் பாதை ஓடியது.

ஆகவே போன வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து காரில் வந்த ரிஃகானும் அவன் மனைவி அஸ்மியாவும் அவளுடைய பாத்திகளுக்கு மேலே புல்தரையில் எட்டு முளை அடித்தபோது அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றாள். முளைகளுக்கு நடுவே பச்சைக் கூடாரம் ஒன்று எழும்பியது. கூடவே இரண்டு பெண்பிள்ளைகள். அம்மாக்கண்ணு தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் ஓடினாள்.

“துரை அனுமதி குடுத்திருக்காரு. குடும்பமா வந்திருக்காங்க. நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இரு” என்றார் அவர்.

சும்மா இரு என்று சொன்னாலே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மறுநாள் காலை முழுக்கக் களை இல்லாத பாத்தியில் களை பிடுங்கினாள். மூத்த பிள்ளை சாரா வேலியோரம் வந்தாள்.

“பாப்பா, ஒங்க வாப்பா போன்ல போட்டோ புடிக்கலையா?”

“போன் எல்லாம் கார்ல வச்சிப் பூட்டியாச்சு. போகும்வரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

கொழும்பு ஆட்கள் போன் இல்லாமலா? குடிக்கிற தேத்தண்ணியைக்கூடப் படம் பிடிக்கிறவர்கள்! போதாததற்குத் தகப்பனும் மகளும் ஓடையிலிருந்து அவள் வேலி வரைக்கும் காலடியை எண்ணி எண்ணி நடந்தார்கள். சாரா கொப்பியில் ஓடையையும் மரத்தையும் குடிலையும் வரைந்தாள். பிள்ளைகளை முன்னால் விட்டு அளக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் என்று அம்மாக்கண்ணு முடிவே கட்டிவிட்டாள்.

மதியம் அவர்கள் ஓடைக்குக் குளிக்கப் போனதும் எட்டு முளைகளையும் பிடுங்கிக்கொண்டு வந்து குடிலில் உரச்சாக்குக்குக் கீழே ஒளித்தாள்.

அவர்கள் ஓடையிலிருந்து திரும்புமுன்பே மூன்று மணிக்குக் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. கூடாரம் எழும்பி உருண்டு தேயிலைக்குள் போய் விழுந்தது. கார் அரை மைல் தள்ளி ரோட்டில் நின்றது. நனைந்த நான்கு பேரும் கண்ணில் பட்ட ஒரே கூரைக்கு ஓடிவந்தார்கள்.

சின்னப் பிள்ளை அடுப்பருகே நடுங்குவதைப் பார்க்க அம்மாக்கண்ணுவுக்கு வெட்கமாகப் போயிற்று. பால் இல்லாமல் சாயத்தண்ணி ஊற்றிச் சீனியை அள்ளிப் போட்டாள். சாக்கின் மேல் உட்கார்ந்த சாரா துள்ளி எழுந்தாள்.

“வாப்பா, எங்கட முளையெல்லாம் இங்க இருக்கு!”

“நாந்தான் புடுங்குனேன்” என்றாள் அம்மாக்கண்ணு. “என் நெலத்த அளக்க வந்தீங்கன்னு நெனைச்சேன். பொலிசுக்குப் போறதுன்னா போங்க. இது போனா எனக்குச் சோறு இல்ல.”

ரிஃகான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவன் அளக்க வரவில்லை என்று அவள் நம்பியிருப்பாள்.

“காலடி எண்ணினது புள்ளைகள்ட புதையல் விளையாட்டும்மா” என்றான். பிறகு குரல் இறங்கியது. “ஆனா போன் இல்லாம குடும்பங்கள இப்பிடித் தங்கவைக்கிறதுதான் என்ட தொழில். இந்த இடம் அதுக்குச் சரிவருமான்னு துரை பாக்கச் சொன்னார். ஒங்க பாத்தியப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியாது.”

“எனக்கும் சொல்லல்லையே!” என்றாள் அஸ்மியா. “புள்ளைகளோட லீவுக்குப் போறோம்னுதானே கூட்டிட்டு வந்தீங்க?”

“சரிவராதுன்னு துரைகிட்ட சொல்லுங்க தம்பி. என் முன்னாலயே சொல்லுங்க” என்றாள் அம்மாக்கண்ணு.

மழை விட்டதும் ரிஃகான் காருக்குப் போய்ப் போனை எடுத்துவந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துத் துரையோடு சிங்களத்தில் பேசினான். அம்மாக்கண்ணுவுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். இங்கே காற்று அதிகம், கூடாரம் பறந்துவிட்டது, பிள்ளைகளுக்குச் சரிவராது என்றான். கேட்டபடியே சொன்னான், பாவம்.

“அப்படியானால் கொஞ்சம் கீழே பாருங்கள்” என்றார் துரை. “ஒரு கிழவி மரக்கறி போட்டிருக்கிறாள். காற்றே படாத இடம். அதைத் துப்புரவாக்கித் தருகிறேன். நாளைக் காலையில் வந்து பேசுவோம்.”

போன் நின்றது.

“நாங்க விடியவே போயிருவோம்” என்று முணுமுணுத்தான் ரிஃகான்.

“போகமாட்டோம்” என்றாள் அஸ்மியா. “துரை வரும்போது நாங்க இங்கதான் நிப்போம்.”

அம்மாக்கண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நிப்பீங்க, சரி. யாரு பக்கம்?”

அஸ்மியா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.