கப்பல்காரர் வீட்டு மக்னோலியா

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் என்பதால் தெருவில் அவளுக்கு வேன்காரம்மா என்று பெயர். கணவர் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் எண்ணெயோடும் இரைச்சலோடும் மல்லுக்கட்டுகிறவர். ஆகவே அவர் கப்பல்காரர். ஒரு தடவை ஏறினால் வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில்தான் கிடப்பார். மிச்சம்தான் வீடு. கல்யாணமாகி எத்தனையோ காலம் ஆகியும், சேர்ந்து இருந்த நாட்களை மட்டும் கூட்டினால் இன்னும் புதுப்பெண் கணக்குதான் வரும் என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்ப்பாள். பிள்ளைகள் இல்லை. காலையும் மாலையும் வேன் நிறையப் பிள்ளைகள் உண்டு.

சொந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பின்பக்கம் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. துணி காயப்போடக் கொடி கட்டலாம் என்றாள் அவள். மரம் வைக்கலாம் என்றார் அவர். கப்பலில் போர்வையிலிருந்து சாப்பாடு வரை எல்லாமே டீசல் நெடி, வீட்டுக்கு வந்தாலாவது மூக்குக்கு ஒரு நல்ல காலம் வேண்டாமா என்பது அவர் வாதம். வாசனையும் இருக்க வேண்டும், பனி விழுகிற அந்த ஊரின் குளிரையும் தாங்க வேண்டும் என்று கேட்டதும், நாற்றுப்பண்ணை நடத்துகிற அம்மாள் இருவரையும் ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், இடுப்பளவு உயரத்தில் வெறும் குச்சியாக நின்ற ஒன்றைக் காட்டினாள். மக்னோலியா.

"செண்பகத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி இது. பனி கொட்டினாலும் மரம் அசையாது. ஆனா ரோஷக்காரி. வச்ச இடத்துல இருந்து பேத்தீங்கன்னா மூஞ்சியத் திருப்பிக்குவா. பூக்கறதுக்கும் அவளா மனசு வைக்கணும். அதுவரைக்கும் பொறுப்பீங்கன்னா எடுத்துட்டுப் போங்க."

"பொறுத்திருக்கறதுல எங்கள அடிச்சுக்க ஆள் இல்ல," என்றார் கப்பல்காரர்.

கப்பலேறப் போவதற்கு முந்தைய நாள் நட்டார்கள். அவர் ஆர்வக்கோளாறில் கிணறு மாதிரி குழி தோண்டிவிட்டார். வேர் ஆழத்தில் போனால் மூச்சு முட்டும் என்று பண்ணைக்காரம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்ததால், பாதிக் குழியை மறுபடி நிரப்ப வேண்டியதாயிற்று. வேரைச் சுற்றிச் சருகு பரப்பி, பழைய சட்டையைக் கிழித்துக் கன்றை ஒரு கம்போடு சேர்த்துக் கட்டினார். மறுநாள் பெட்டியோடு போய்விட்டார்.

அதற்குப் பிறகு கன்று அவள் பொறுப்பு. குளிர் இறங்கும் முன் அடியில் சருகை மெத்தை மாதிரி ஏற்றுவாள். வெயில் காய்கிற மாதங்களில், வேன் கழுவிய கையோடு வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவாள். பக்கத்துத் தெருவில் இருந்த நாத்தனாருக்கு இது பெரிய வேடிக்கை. "அண்ணனக் கட்டிக்கிட்டீங்களா, இந்தக் குச்சியக் கட்டிக்கிட்டீங்களா அண்ணி?" என்பாள். இது வீட்டோடு இருக்கிறதே என்று வேன்காரம்மா பதில் சொன்னதாகக் கேள்வி.

குச்சி மெல்ல மரமாயிற்று. இலை விட்டது, உதிர்த்தது, மறுபடி விட்டது. பூ மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தடவை ஃபோன் செய்யும்போதும் கப்பல்காரர் முதலில் அதைத்தான் விசாரிப்பார். இன்னும் மனசு வைக்கவில்லை என்று இவள் சொல்வாள்.

ஒரு குளிர்கால முடிவில், இலையில்லாத கிளையின் நுனியில் ஒரே ஒரு மொட்டு தெரிந்தது. பூனைக்குட்டியின் காது மாதிரி மேலெல்லாம் மெல்லிய ரோமம். வேனை எடுக்கும் முன்னும் நிறுத்திய பின்னும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு காலை அந்த ரோமத் தோல் கழன்று விழுந்து வெள்ளைப் பூ விரிந்திருந்தது. அவள் கிட்டே போய் முகர்ந்தாள். அன்று வேன் தாமதமாகப் போனது. அத்தனை வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அவர் எந்தக் கடலிலிருந்தோ கூப்பிட்டார். எப்படி இருக்கிறது வாசனை என்று கேட்டார். அவளுக்குச் சொல்ல வரவில்லை. பாதையையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசிப் பழகிய வாய்.

"எலுமிச்சம்பழத் தோல உரிக்கும்போது வருமே, அந்த மாதிரி," என்று ஆரம்பித்தாள். "அதுக்கு அடியில கொஞ்சம் பால் வாசன. அப்புறம்... துவைச்ச துணிய வெயில்லேர்ந்து எடுத்து முகத்துல வச்சுக்கிட்டா எப்படி இருக்கும், அப்படி."

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டு, இரைச்சல் குறைந்தது. பிறகு அவர் சொன்னார்: "இன்னொரு தடவ சொல்லு."

அது பழக்கமாகிவிட்டது. வருஷத்துக்கு வருஷம் மரம் கூடுதலாகப் பூத்தது. பூக்கிற அந்தச் சில நாட்களில் அவர் ஒரு தடவைகூடக் கரையில் இல்லை. அவர் கேட்பார், அவள் சொல்வாள். போன வருஷம் சொன்னதையே சொல்லாமல் புதிதாக எதையாவது கண்டுபிடிப்பாள். ஒரு வருஷம் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிப் பூக்காலத்துக்குச் சரியாக விடுப்பு வாங்கி வந்தார். மரமெல்லாம் மொட்டு. அவர் வந்திறங்கிய அன்றைக்குத் திடீரென்று கடும் பனி விழுந்து, விடிந்து பார்த்தால் அத்தனை மொட்டும் வதக்கிய மாதிரி கறுத்திருந்தது. பண்ணைக்காரம்மாள் வந்து கிளையைக் கீறிப் பார்த்து, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பூவுக்குத்தான் அந்தத் தைரியம் கிடையாது என்றாள். விடுப்பு முழுக்க அவர் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

பிறகொரு வருஷம், பூக்காலத்தில் அவருடைய கப்பல் அரைநாள் பயணத் தூரத்தில் ஒரு துறைமுகத்துக்கு வருவதாகத் தெரிந்தது. வேன்காரம்மா பள்ளியில் விடுப்புச் சொன்னாள். அன்றுவரை மரத்தின்மேல் கத்தி வைத்தவள் இல்லை. முதல் தடவையாக மொட்டோடு ஒரு கிளையை வெட்டினாள். வாளித் தண்ணீரில் அதை நிறுத்தி, முன் சீட்டில் வைத்து, பிள்ளைக்குப் போடுகிற மாதிரி பெல்ட் போட்டுவிட்டாள். திருப்பங்களில் ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை வாளியிலுமாக ஓட்டினாள்.

போய்ச் சேர்ந்தால், கப்பல் உள்ளே வரவில்லை. கரையில் இடம் காலியில்லாமல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. வாசல் காவலாளி கைகாட்டிய திசையில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ தெரிந்தது. அவள் ஃபோன் போட்டாள்.

"நான் உங்களப் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றாள்.

அவர் மேல்தளத்துக்கு ஓடிவந்து கரையைத் தேடினார். வெள்ளை வேன் என்று இவள் சொன்னாள். கரை முழுக்க வெள்ளையாகத்தான் தெரிகிறது என்றார் அவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு கையசைத்தார்கள். மதிய வெயிலில் மூடிய வேனுக்குள் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின. அவள் கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பிள்ளைகளை யார் கூட்டிப்போவது? பொழுது சாயும் முன் கிளையைக் காவலாளியிடம் ஒப்படைத்து, கப்பல் வந்ததும் இன்னாரிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். நல்ல மனுஷன், சொன்னபடி சேர்த்துவிட்டார். பூ கறுத்திருந்தாலும் வாசனை அப்படியே இருந்தது என்று கப்பல்காரர் ஃபோனில் சொன்னார். கறுத்த பூவில் வாசனை இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் அவரைக் கரையேற்றியது காது. இன்ஜின் இரைச்சலில் வருஷக்கணக்காக அடிபட்டு மந்தமாகிப்போனது. மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை, இனிமேல் கப்பல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியோடு வந்து இறங்கினார். அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் மொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி அந்த வருஷம் தயவு காட்டியது. ஒரு காலை மரம் முழுசாகப் பூத்திருந்தது.

அவள் அவர் கையைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப்போனாள். தாழ்ந்த கிளையை வளைத்துக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். கொஞ்சம் தயங்கி, "ஆனா நீ சொன்ன வாசன இது இல்லியே," என்றார்.

"நான் என்னங்க சொன்னேன்?" அவர் காதுக்கு எட்டும்படி குரலை உயர்த்திக் கேட்டாள்.

"சொல்லத் தெரியல. இதவிடப் பக்கத்துல இருந்துச்சு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கிளையை மெதுவாக விட்டாள், இதழ்கள் அவர் தோளில் விழுந்தன. வேனுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டாள்.

ஒரே வீட்டில் இருப்பது அவர்கள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கப்பலின் நேரப்படி அவர் பொழுதுகெட்ட பொழுதில் தூங்கினார், சாப்பாடு கேட்டார். அவள் பேசுவதில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. கேட்காதது தெரியக்கூடாதென்று தலையாட்டுவார். எதற்கு ஆட்டுகிறார் என்று தெரியாமல் அவளும் பேச்சைக் குறைத்தாள். சாப்பாட்டு மேஜையில் பாத்திரச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. வந்தவரைத் திரும்ப எங்கே அனுப்புவது என்று நாத்தனாரிடம் வேடிக்கையாகச் சொல்வது போலச் சொன்னாள். நாத்தனார் சிரிக்கவில்லை.

பூக்காலம் முடிவதற்குள் ஒரு மதியம், பள்ளி விடுவதற்காக வேனுக்குள் காத்திருந்தவள், ஏதோ சாமான் வாங்கி வரச் சொல்ல அவருக்கு ஃபோன் போட்டாள். அவர் எடுத்தார். முதல் வார்த்தையிலிருந்தே எல்லாம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. காதோடு ஒட்டி வரும் குரல் அல்லவா? எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். மரத்தடியில் என்றார். காற்றில் நிறைய உதிர்ந்துவிட்டதாம், வடக்குப்பக்கக் கிளையில் மட்டும் மிச்சம் இருக்கிறதாம். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

சாமானை இருவரும் மறந்துவிட்டார்கள்.

"நீ எப்ப வருவ?" என்று கேட்டார்.

அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிவருகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாள்.