பூட்டிய கேட்டும் வெட்டுக்கிளிகளும்

எங்கள் தோட்டத்தில் வெட்டுக்கிளி என்பது பூச்சியின் பெயராக இருந்ததைவிட வசவாக இருந்ததே அதிகம். கைகால் நீண்டு மெலிந்தவனை அப்படி அழைப்பார்கள். அதில் பாசம் உண்டு. ஒரு வீட்டில் வந்து உட்கார்ந்து இருப்பதையெல்லாம் தின்பவர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் பாசம் இல்லை. என் மனைவி பயந்தது இந்த இரண்டாவதற்கு.

தம்பின் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் அந்தத் தோட்டத்தில், கீழ் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசியாக மிஞ்சியது நாங்கள் இருவர் மட்டுமே. எனக்கு வேலை நின்றுபோய்விட்டது. லயத்தின் பின்னால் அவள் போட்டிருந்த வெண்டையும் பயற்றங்காயும்தான் சோறு போட்டன. அது இல்லையென்றால் ராசா என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

"மருமகன் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டாரு. மனசுல சொல்வாரு, வெட்டுக்கிளி வந்துருச்சுன்னு" என்பாள்.

பெருந்தொற்றுக்குப் பின் வந்த இரண்டாவது பங்குனி அது. பக்கத்துக் காட்டில் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்ததும் வெட்டுக்கிளிகள் கிளம்பி மேல் லயத்தில் இறங்கின. அங்கே பூச்சியைக் கொல்லமாட்டார்கள். சாக்கில் பிடித்து, கற்பூரம் காட்டி, உருமி அடித்துக்கொண்டு தோட்டத்து எல்லைக்கு அப்பால் விடுவது வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை உருமிச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. அவளும் கும்பிட்டாள்.

மறுநாள் காலையில் எங்கள் பாத்தியில் காம்புகள்தான் நின்றன. இலைகளும் பிஞ்சுகளும் போய்விட்டன. பயற்றங்கொடி ஏறிய கம்புகளில் விரல் நீளத்துக்குப் பழுப்பு வெட்டுக்கிளிகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. விளக்குமாற்றால் அடித்தோம். எழும்பும், மறுபடி அங்கேயே உட்காரும்.

மேல் லயத்துப் பூசாரி ஓடிவந்து, பாத்தியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"எல்லையில புது மொதலாளி கேட் போட்டுப் பூட்டிட்டான் லா, அக்கா. கொண்டுபோனத திருப்பிக் கொண்டாரக் கூடாதே. அதான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் விட்டோம். கீழ் லயம் காலின்னு நெனச்சோம்."

"வெளக்கு எரிஞ்சுச்சே தம்பி, பாக்கலையா?"

"பாக்கல, அக்கா."

"பூச்சிக்குப் பாவம் பாத்தீங்க. சரி."

அவள் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். மறுபடி விதை போடலாமென்று சொன்னேன். "காய்க்கிற வரைக்கும் எதத் திங்கிறது?" என்றாள்.

அந்தப் பங்குனி முடிவதற்குள் ராசாவுக்கு வந்துவிட்டோம். முதல் இரவுச் சாப்பாட்டில் மருமகனே தோசை கொண்டுவந்தார்.

"இன்னொண்ணு வச்சுக்குங்க அத்தை, நீங்க ஒண்ணுமே சாப்பிடல."

நல்ல மனிதர். உண்மையாகத்தான் சொன்னார். அவள் தட்டின்மேல் இரண்டு கைகளையும் விரித்து மூடிக்கொண்டாள். பாதித் தோசை அடியில் அப்படியே இருந்தது. இன்றும் அந்த வீட்டில் அவள் தட்டில் இரண்டாம் முறை எதையும் வாங்கிக்கொள்வதில்லை.