ஆளில்லாத அறையில் ஓடிய டிவி

காலை பத்து மணி. உத்திரமேரூரில் நான் குடியிருந்த மாடியிலிருந்து இறங்கும்போது முதலில் கண்ணில் பட்டது, எதிர்வீட்டில் ஆளில்லாத அறையில் சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்த டிவி. ஓய்வுபெற்ற அலுவலரான வீட்டுக்காரர், சலவை வேட்டியும் சந்தனப்பொட்டுமாக, அதற்கு முதுகைக் காட்டி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தினமும் பத்திலிருந்து ஆறுவரை அப்படித்தான்.

அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே நேரம்தான் வேலை. வீட்டிலிருந்தே இணைய அழைப்பில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கியிருந்த காலனியிலிருந்து அந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் குடும்பம் அவளுடையது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அதன் இருபுறமும் இரண்டு வைஃபை பெட்டிகள். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு வைஃபை. அந்த நெரிசலில் ஒட்டிய சுவரில் அவர் டிவியும் நாள் பூராவும் வைஃபையில் படம் இழுக்க, அவள் குரல் துண்டுதுண்டாகப் போனது.

ஒருநாள் அவரிடமே வந்து கேட்டாள்.

"சார், உங்க வைஃபை பாக்ஸ கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வெக்கிறீங்களா? பேசும்போது கட்டாயிக்கினே கீது. வேலை பூடும் சார்."

"என் செவுத்துல நான் வெச்சிக்கினு கீறேன். உனுக்கு இன்னா பேஜாரு?"

"டிவியாவது நிறுத்துங்க சார். யாருமே பாக்கலயே."

"பாத்துக்கினுதாம்மா கீறேன்" என்றார், பேப்பரைப் புரட்டியபடி.

அந்த மாதமே வேலை போனது. வாடகை கொடுக்க முடியாமல் வீட்டைக் காலி செய்தார்கள். மினி வேனில் சாமான் ஏற்றும்போது அவர் எழுந்து, நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

"பீரோ கண்ணாடிம்மா, பாத்து" என்றார். அந்த அக்கறை நடிப்பாகத் தெரியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அந்த அறையில் டிவி ஓடவில்லை.