போலும் என்று முடிந்த வாக்கியம்

அந்த வாரம் தமிழ் டீச்சர் எங்களுக்கு எடுத்த பாடம், நிச்சயமாகத் தெரியாததை எப்படிச் சொல்வது என்பது. ஒருவேளை, போலும், கூடும் என்று பலகையில் எழுதினார். 'வருகிறாளோ' என்றால் சந்தேகம். 'வருகிறாளாம்' என்றால் யாரோ சொல்லிக் கேட்டது, நமக்குப் பொறுப்பில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னார்.

என் தோழிகள் எல்லாரும் "ஒருவேளை மாலையில் மழை பெய்யும்" என்று எழுதினார்கள். மலேசியாவின் ஈப்போவில் தினமும் பெய்யும் மாலை மழையைப் பற்றிச் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வேறு வாக்கியம் யோசிக்கவும் சோம்பலாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்போது இந்தச் சொற்களுக்குக் குறைவே இல்லை. காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் அப்படியே எழுதிவிட்டேன்.

முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டம் கைமாறிய பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வெளியே ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வாரமாகப் படுக்கையில் இருந்தார். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் மதியம்வரை அவரை எழுப்ப முடியாது. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கவும் கஞ்சி கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் அக்காவானாள். அவள் ஐந்தாம் படிவம். வருடக் கடைசியில் எஸ்.பி.எம்., பள்ளி இறுதித் தேர்வு.

அவளைப் பள்ளிக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. "அடுத்த வாரம் போயிருவா போல லா" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா சொன்னார். அந்த அடுத்த வாரம் வந்து போனது. அப்பாவிடம் கேட்டால், சுவரைப் பார்த்தபடி "பாக்கலாம்" என்பார். அக்காவிடமே கேட்டேன். "தெரியல" என்று சொல்லிவிட்டு அப்பாவின் துணியை அலசப் போய்விட்டாள்.

நான் எழுதியவை இவை:

ஒருவேளை அக்கா இனிமேல் பள்ளிக்குப் போகமாட்டாள்.
அப்பா எழுந்ததும் அக்கா வேலைக்குப் போகக்கூடும்.
அது கொஞ்ச நாளைக்குத்தானாம்.
அம்மா குளியலறையில் அழுகிறாளோ?
அக்காவுக்குப் படிக்க ஆசை போலும்.

நோட்டுப் புத்தகங்களைத் திருத்திய அன்று எல்லாருடையதும் திரும்பி வந்தது, என்னுடையதைத் தவிர. டீச்சர் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டார். வகுப்பின் பின்சுவரில் ஒட்டப்போகிறார் என்று நினைத்து இரண்டு நாள் பெருமையோடு திரிந்தேன்.

சனிக்கிழமை காலை டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. அக்காவுக்கும் ஒரு காலத்தில் அவர்தான் டீச்சர். அம்மா தூக்கக் கலக்கத்தோடு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பெரியவ ஸ்கூலுக்குப் போறதில்லைன்னு கேள்விப்பட்டேன்க்கா."

"யாரு சொன்னா டீச்சர்?"

"அங்க இங்க பேசிக்கிட்டாங்க."

அம்மாவின் பார்வை பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போனது. என் பார்வையும்தான். அத்தை இவ்வளவு வாயாடியா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அவங்க அப்பா எழுந்திரிச்சதும் போயிருவா போல, டீச்சர்."

"எப்ப எழுந்திரிப்பாரு?"

"ரெண்டு மாசம் ஆகலாமாம். ஹாஸ்பிட்டல்ல சொன்னாங்க."

"பரீட்சை அதுக்கு முன்னாடியே வந்துரும்க்கா. அதுல 'போல'லாம் இல்ல. போவாளா, மாட்டாளா?"

அம்மா முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அறை வாசலில் அப்பாவின் கஞ்சிக் கிண்ணத்தோடு அக்கா நின்றிருந்தாள். கிண்ணம் காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் சிந்திவிடும் என்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எனக்குப் போகணும்மா" என்றாள்.

மூன்று வாரத்தில் அந்த வீட்டில் யாரும் இப்படி நேராக ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா அவளைப் பார்த்தார். பிறகு எல்லாரும் அறைப் பக்கம் திரும்பினார்கள், ஏனென்றால் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"திங்கக்கெழம போ. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் ஓடினாள்.

மற்ற ஏற்பாட்டைச் செய்தது பக்கத்து வீட்டு அத்தைதான். "காலையில நான் வந்து அண்ணனப் பாத்துக்கிறேன், நீங்க தூங்குங்க அண்ணி. இத மொதல்லயே கேட்டா என்னவாம்?" என்றார். செய்தியை வெளியே சொன்னது அவர்தான் என்ற சந்தேகத்தோடு அம்மா தலையாட்டினார். நான் ஒரு வாரம் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை அக்கா போனாள். விட்ட பாடங்களை இரண்டு தோழிகளின் நோட்டுகளிலிருந்து எழுதி எடுத்தாள். தேர்வில் நன்றாகவே தேறினாள். இன்று பாரிட் புந்தார் நகரில் மருந்தாளராக இருக்கிறாள். அப்பா மருத்துவமனை சொன்னதைவிட இரண்டு மாதம் தாமதமாக எழுந்தார், ஆனால் எழுந்தார். இப்போதும் கைத்தடியோடு காலையில் சந்தைக்குப் போய்வருகிறார்.

என் புத்தகமும் அந்தத் திங்கட்கிழமையே கைக்கு வந்தது. ஐந்துக்கு ஐந்து. 'அழுகிறாளோ' என்பதை மட்டும் 'அழுகிறாரோ' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார், அம்மாவை மரியாதையாக எழுத வேண்டும் என்பதற்காக. சுவரில் ஒட்டவில்லையே என்று எனக்கு வருத்தம்.

வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோர் கையொப்பம் வாங்க வேண்டும். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவிடம் நீட்டினேன். எப்போதும் பார்க்காமலே கிறுக்கிக் கொடுப்பவர், அன்று அந்தப் பக்கத்தைப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார், பக்கத்து வீட்டுச் சுவரை ஒருமுறை பார்த்தார். கீழே தொழிற்சாலை பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"கையெழுத்து நல்லா இருக்கு லா" என்றார். என் தலையில் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

நான் அதை நம்பினேன். அடுத்த வாரம் முழுக்க எழுத்துகளை இன்னும் உருட்டி உருட்டி எழுதினேன், அம்மா மறுபடியும் அப்படிப் படிப்பார் என்று.