சனிக்கிழமை யாருக்கு?

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன் வேலை என்பது, சண்டை போடும் இரண்டு பேருக்கு நடுவே நின்று, இந்தப் பக்கத்துத் திட்டை ஒரு சொல் சிந்தாமல் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. உறவில் யாராவது ஒரு ஜோடிக்குச் சமாதானம் பேசப் போய், கடைசியில் இரண்டு வீட்டிலும் கெட்ட பேர் வாங்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் என்னைப் புரிந்துகொள்வீர்கள். உங்களுக்கு அது ஒரு நாள் கூத்து. எனக்கு அது உத்தியோகம்.

மலாயாவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில் நான் மலாக்கா கோர்ட்டில் இருந்தேன். அப்போது நம்மவர்கள் கல்யாணம் பெரும்பாலும் கோயிலில் நடக்கும். தீர்த்து விடுவது பஞ்சாயத்தில் நடக்கும். பிள்ளை யாரிடம் இருப்பது என்று வரும்போதுதான் கோர்ட் படி ஏறுவார்கள். அப்படி ஏறியவர்களில் என்னை அதிகம் பாடுபடுத்தியவர்கள் வேலுவும் பாக்கியமும். வேலு மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டினார். பாக்கியம் பிரிந்து வந்து தெங்கேராவில் அண்ணன் வீட்டில் இருந்தபடி ஒரு கடைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தார். ஏன் பிரிந்தார்கள் என்று கேட்காதீர்கள். இருவரும் சொன்ன காரணங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நடுவில் ஆறு வயது மகள் சரசு.

தமிழிலிருந்து தமிழுக்கு

முதல் நாளே மாஜிஸ்திரேட் துரை, "பிள்ளை தாயிடம் இருக்கட்டும். தகப்பன் எப்போது பார்ப்பது என்று நீங்களே வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். வராந்தாவில் இருவரும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "அந்தாளுகிட்ட கேளுங்க சார், எந்த நாளு வேணும்னு" என்றார் பாக்கியம். நான் நாலு அடி நடந்து வேலுவிடம் கேட்டேன். "சனி, ஞாயிறுன்னு சொல்லுங்கய்யா" என்றார் வேலு. நான் திரும்ப நாலு அடி நடந்தேன்.

இப்படி அரை மணி நேரம் தமிழைத் தமிழில் மொழிபெயர்த்தேன். ஒரு கட்டத்தில் பாக்கியம் சொன்னதில் காரமான இரண்டு சொற்களை விட்டுவிட்டு மீதியை வேலுவிடம் சேர்த்தேன். அவர் பேசாமல் தலையாட்டினார். பாக்கியத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் கோவமாத்தானே சார் சொன்னேன், நீங்க ஏன் மெதுவா சொன்னீங்க?"

கோழிக்கறி

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பிள்ளையை ஒப்படைப்பது, ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் திருப்பித் தருவது என்று உத்தரவு ஆயிற்று. எங்கே ஒப்படைப்பது என்ற கேள்வி வந்தபோது, என் வீடு மெர்லிமாவிலேயே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருப்பதை நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குச் சனிக்கிழமைத் தூக்கம் போயிற்று.

முதல் வாரம் பாக்கியம் ஒரு டிபன் கேரியரில் சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்தார். "அந்தாளுக்கு சோறு வடிக்கத் தெரியாது." காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று சோற்றைச் சாலையில் கொண்டு போகத் தடை இருந்த காலம் அது. வேலு போகும் வழியில் சோதனை போட்ட மாத்தா, அதாவது போலீஸ்காரன், கேரியரைத் திறந்து, "தா போலே லா", கூடாது என்று எடுத்து வைத்துக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து பாக்கியம் யோசனையை மாற்றினார். எங்கள் அடுப்பிலேயே சமைத்து, சரசுவை உட்கார வைத்து முழுவதையும் ஊட்டிவிட்டு அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து வேலு என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். "காலையிலேருந்து நின்னு கோழிக்கறி ஆக்கி வைக்கிறேங்கய்யா. புள்ள வந்து, வயிறு நெறஞ்சிருக்குப்பான்னு படுத்துக்குது. இதுவும் கோர்ட்டு உத்தரவுலதான் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க."

வராத ஞாயிறு

ஒரு ஞாயிறு நான்கு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. வேலு வரவில்லை. ஆறு மணிக்குத் தோட்டத்து முள்வேலிக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது பாக்கியத்துக்குத் தெரியும். "கப்பல்ல ஏத்தி ஊருக்குக் கொண்டு போயிட்டாரு" என்று சுவரோடு உட்கார்ந்துவிட்டார். நான் போலீஸ் நிலையத்துக்கு ஓடினேன். அன்று காலை தோட்டத்தின் பின்பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. உள்ளிருந்து யாரும் வெளியே வரக்கூடாது, வெளியிலிருந்து யாரும் போகக்கூடாது. எத்தனை நாளைக்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

பாக்கியம் வீட்டுக்குத் திரும்பவில்லை. மூன்று நாள் என் மனைவியோடு இருந்தார். காலையில் நடந்து போய்ச் சாலைத் தடுப்பு அருகே நிற்பார். வெயில் ஏறியதும் திரும்புவார். சாப்பாட்டைத் தொடுவார், தின்ன மாட்டார். புதன்கிழமை பகலில் கதவு திறந்ததும், லோரி எடுக்க அனுமதி இல்லாததால், வேலு பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாக்கியம் பிள்ளையைப் பிடுங்கிக் கை, கால், கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு பிள்ளையின் தலையைத் திருப்பினார். கோணல்மாணலாக இரண்டு சடை. நுனியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியிருந்தது.

அவர் கொட்டப்போகும் வசவுக்கு நான் தயாராகிக்கொண்டிருந்தேன். அவர் சடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத யாரு பின்னுனதுன்னு கேளுங்கண்ணே." நான் கேட்டேன். "நான்தான்னு சொல்லுங்கய்யா" என்றார் வேலு, தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு பாக்கியம் சொன்னார்: "அடுத்த வாரம் ரிப்பன் குடுத்து அனுப்புறேன்னு சொல்லுங்க."

துரையின் அறையில்

சரசுவுக்கு எட்டு வயது ஆனபோது, பள்ளி விடுமுறையில் பாதி தனக்கு வேண்டும் என்று வேலு மனுப் போட்டார். பாக்கியம் மறுத்தார். துரை சரசுவைத் தனியாகத் தன் அறைக்கு வரச் சொன்னார். பிஸ்கட் கொடுத்தார். உனக்கு யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று என் மூலம் கேட்டார். பிள்ளை பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னது. "அங்க போனா, அம்மா என்னா செய்யுதுன்னு அப்பா கேக்குது. இங்க வந்தா, அப்பா என்னா செய்யுதுன்னு அம்மா கேக்குது. நான் சொல்லிக்கிட்டே இருக்கணும். எப்ப விளையாடுறது?"

துரை விடுமுறையை ஆளுக்குப் பாதியாக எழுதினார். பிள்ளை சொன்னதை அப்படியே வெளியே போய்ச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். சொன்னேன், இந்த முறை எதையும் விடவில்லை. இருவரும் எதுவும் சொல்லச் சொல்லி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேலு தூணை விட்டு நகர்ந்து வந்து, இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நேராகப் பேசினார்: "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாக்கியம்."

மூன்றாவது கட்சி

அவர்கள் மறுபடி சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆனால் பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் கெடுபிடி தளர்ந்து, தோட்டத்துக் கதவு நாள் முழுவதும் திறந்து கிடந்தது. சோற்றை யாரும் பிடுங்கவில்லை. பாக்கியமே கோழிக்கறிக்கு மசாலா அரைத்து அனுப்பினார். நாங்களும் சனிக்கிழமை மதியம் கொஞ்சம் தூங்கினோம்.

சரசுவுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிச் சீருடையோடு பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் பள்ளியில் ஓட்டப்பந்தயமாம், அப்பாவிடம் போகவும் முடியாது, அம்மாவோடு இருக்கவும் முடியாது. அவர்களிடம் சொன்னாயா என்று கேட்டேன். "நீங்களே ரெண்டு பேருகிட்டயும் சொல்லிடுங்க மாமா. இந்தச் சனிக்கிழமை எனக்கு வேணும்."

புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துவிடப் பஞ்சாயத்துக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. ஒரு சனிக்கிழமையைப் பிரித்துக் கொடுக்கத்தான் எங்கள் கோர்ட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஆறு வருஷம் பிடித்தது.